ஆண்டான் கயிறு

கலிஃபோர்னியாவின் ஃபிரீமான்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸுக்கு (ஜிஎம்) ஒரு கார் தொழிற்சாலை இருந்தது. அங்கே அசெம்பிளி லைன் நிற்கக் கூடாது. நகர்ந்து வரும் காரில் போல்ட் சரியாக உட்காரவில்லையா, கதவு இடிக்கிறதா, பாகமே மாறிப்போய்விட்டதா, எதுவானாலும் கார் அடுத்த ஆளிடம் போயாக வேண்டும். லைனை நிறுத்தும் தொழிலாளிக்கு வேலை போகலாம். குறையோடு வெளியே வந்த கார்களைப் பின்பக்கம் நிறுத்தி வைத்து, அதற்கென்று இருந்த இன்னொரு கூட்டம் பிரித்துச் சரி பார்க்கும்.

1982இல் அந்த ஆலையை மூடினார்கள். அதற்குள் அதன் பெயர் நாறிப்போயிருந்தது. ஐந்து பேரில் ஒருவர் வேலைக்கு வராத நாட்கள் சகஜம். சில திங்கட்கிழமைகளில் லைனை ஓட்டவே ஆள் போதாது. வேலை நேரத்திலேயே குடி, போதை, சூதாட்டம். கடுப்பில் இருந்த சிலர் கதவுப் பலகைக்குள் காலி கோக் பாட்டிலைப் போட்டு மூடிவிடுவார்கள். காரை வாங்கியவர் ஓட்டும்போது உள்ளே கடகடவென்று சத்தம் வரும், எங்கிருந்து என்று கண்டுபிடிக்க முடியாது. தீராத தொழிலாளர் புகார்கள் ஆயிரக்கணக்கில் குவிந்து கிடந்தன. அமெரிக்கக் கார் தொழிலிலேயே மோசமான ஆட்கள் இவர்கள்தான் என்று யூனியன் தலைவர்களே ஒத்துக்கொள்ளும் அளவுக்கு இருந்தது நிலைமை.

இரண்டு வருடம் கழித்து அதே கட்டடம் திரும்பத் திறந்தது. இந்த முறை ஜெனரல் மோட்டார்ஸும் டொயோட்டாவும் சேர்ந்து தொடங்கிய கூட்டு நிறுவனம், பெயர் நும்மி. நிர்வாகம் டொயோட்டா கையில், யூனியன் பழைய யூனியன். தொடக்கத்தில் வேலைக்கு எடுத்தவர்களில் ஏறக்குறைய 85 சதவீதம் பேர் பழைய ஆலையில் வேலை இழந்தவர்கள். அந்தக் குடிகாரர்களும் மட்டம் போடுகிறவர்களும் கோக் பாட்டில்காரர்களும் அவர்களில் அடக்கம்.

1984 டிசம்பரில் முதல் கார் வெளியே வந்தது. வேலைக்கு வராதோர் விகிதம் சீக்கிரமே 2, 3 சதவீதத்துக்கு இறங்கியது. அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கார் ஆலைகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரு காரை ஒன்றுசேர்க்க, மாசசூசெட்ஸில் ஃபிரேமிங்ஹாமில் இருந்த ஜிஎம் ஆலைக்கு 31 மணி நேரம் ஆனது. நும்மிக்கு 19. ஜப்பானில் டொயோட்டாவின் தகவோக்கா ஆலைக்கு 16. நூறு கார்களுக்கு எத்தனை குறைகள் என்று எண்ணினால், ஃபிரேமிங்ஹாமில் 135, நும்மியில் 45, தகவோக்காவிலும் 45. ஜப்பானிய ஒழுக்கம், ஜப்பானியப் பண்பாடு என்று அதுவரை பேசிக்கொண்டிருந்தவர்களுக்குக் கொஞ்சம் சங்கடமான கணக்கு இது. இங்கே வேலை பார்த்தவர்கள் ஃபிரீமான்ட்காரர்கள்.

ரோபோக்கள் செய்த வேலையாக இருக்குமோ? இல்லை. ரோபோக்களில் கோடிகோடியாகக் கொட்டிக்கொண்டிருந்தது அதே காலத்து ஜிஎம்தான், தன்னுடைய மற்ற ஆலைகளில். நும்மியின் இயந்திரங்கள் சாதாரணமானவை. மாறியது மேனேஜர்களின் அதிகாரம். அது யார் கையில் இருந்தது, எதற்குப் பயன்பட்டது என்ற இரண்டும் மாறின.

ஆலை தொடங்கும் முன்பு சுமார் 450 பேரை டொயோட்டா ஜப்பானுக்கு அழைத்துப் போனது. தகவோக்கா லைனில் ஜப்பானியத் தொழிலாளர்களின் பக்கத்தில் நின்று வேலை பார்க்கச் சொன்னார்கள். அங்கே தலைக்கு மேலே லைன் நெடுக ஒரு கயிறு ஓடியது. வேலையில் சிக்கல் என்றால் தொழிலாளி அதை இழுப்பார். விளக்கு எரியும், ஒரு மெட்டு ஒலிக்கும், குழுத் தலைவர் ஓடி வருவார். அந்தச் சுற்றுக்குள், அதாவது ஒரு நிமிடத்துக்குள், சிக்கல் தீர்ந்தால் லைன் நிற்காமல் போகும். தீராவிட்டால் நின்றுவிடும், பிரச்சினை தீர்கிற வரைக்கும். இந்த ஏற்பாட்டுக்கு ஆண்டான் என்று பெயர். ஜப்பானிய மொழியில் அது ஒரு வகைக் காகித விளக்கைக் குறிக்கும் சொல். தமிழில் அதற்கு என்ன பொருள் என்று உங்களுக்குத் தெரியும். இந்தக் கட்டுரைக்கு அதைவிடப் பொருத்தமான தற்செயல் எனக்குக் கிடைக்கவில்லை.

கார் லைன் ஒரு நிமிடம் நின்றால் பெரும் பணம் போகும். அந்தப் பணத்தைப் போக்கும் உரிமையைக் கடைநிலைத் தொழிலாளி கையில் கொடுப்பதென்றால், மேனேஜர் தன் அதிகாரத்தின் மிக விலையுயர்ந்த துண்டை வெட்டிக் கொடுக்கிறார் என்று பொருள். கயிற்றைவிட முக்கியமானது, இழுத்த பிறகு நடப்பது. ஓடி வரும் குழுத் தலைவர் முதலில் என்ன சொல்கிறார்? "யார் இழுத்தது?" என்றா, "என்ன ஆச்சு?" என்றா? முதல் கேள்வி வந்தால் அந்தக் கயிறு அன்றோடு செத்துவிடும். மறுநாளிலிருந்து அது துணி காயப் போடத்தான் ஆகும்.

நும்மியில் அந்தக் கேள்வி இரண்டாவது வகையாக இருந்தது. அதற்குத் துணையாக மற்ற காரியங்களும் நடந்தன. மேனேஜர்களுக்கென்று இருந்த தனிச் சாப்பாட்டு அறையும் தனிக் கார் நிறுத்துமிடமும் போயின. உற்பத்திப் பக்கத்தில் 'இது என் வேலை, அது உன் வேலை' என்று பிரித்து வைத்திருந்த 80க்கும் மேற்பட்ட வேலை வகைகள் ஒன்றாகச் சுருங்கின. முன்பெல்லாம் நிறுத்தக் கடிகாரத்தோடு வந்து நிற்கும் இஞ்சினியர் ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை நொடி என்று எழுதிவிட்டுப் போவார். அவர் தலை தெரிந்தால் தொழிலாளிகள் வேண்டுமென்றே மெதுவாகச் செய்வார்கள். நும்மியில் கடிகாரம் தொழிலாளிகளின் கைக்கு வந்தது. குழுவில் ஒருவர் வேலையை மற்றவர் அளந்து, எந்த வழி சுருக்கமானது, எது முதுகைக் கெடுக்காது என்று அவர்களே எழுதி வைத்தார்கள். பால் ஆட்லர் என்ற நிர்வாகவியல் பேராசிரியர் 1993இல் எழுதிய ஆய்வின் மையமே இதுதான். கடிகாரம் அதே கடிகாரம், யார் கையில் இருக்கிறது என்பதில்தான் கதையே மாறியது.

இதை ஒரு பொன்னுலகமாகக் காட்டுவது தப்பு. பழைய ஜிஎம் நாட்களில் ஒரு நிமிடத்தில் தொழிலாளி உண்மையில் வேலை செய்தது சுமார் 45 நொடி. நும்மியில் அது சுமார் 57 நொடி ஆனது. உடம்பு பிழியப்பட்டது. இது மன அழுத்தத்தால் நடக்கும் நிர்வாகம் என்று தொழிற்சங்க இடதுசாரிகள் கடுமையாக எழுதினார்கள். ஆலையின் யூனியனுக்குள்ளேயே எதிர்க் கோஷ்டி ஒன்று இருந்தது. அவர்கள் சொன்னதில் நியாயம் உண்டு. ஆனால் விசித்திரம் என்னவென்றால், 45 நொடி வேலை செய்தபோது வராமல் இருந்தவர்கள், 57 நொடி வேலைக்கு ஒழுங்காக வந்தார்கள். வேலை சுமையா இல்லையா என்பதோடு, அந்தச் சுமையில் தனக்குச் சொல் உண்டா என்பதும் மனிதர்களுக்கு முக்கியமாக இருந்திருக்கிறது.

அந்த நம்பிக்கைக்குச் சோதனையும் வந்தது. 1988 வாக்கில் நும்மியின் ஷெவர்லே நோவா சரியாக விற்கவில்லை. ஆலை அதன் திறனில் 60 சதவீத அளவுக்கே ஓடியது. அமெரிக்கக் கார் உலகில் அப்படி நடந்தால் ஆட்குறைப்புதான் முதல் மருந்து. நும்மியின் ஒப்பந்தத்தில் வேறு வரிசை இருந்தது. வெளியில் கொடுத்த வேலைகளை உள்ளே கொண்டுவர வேண்டும், அதிகாரிகளின் சம்பளத்தைக் குறைக்க வேண்டும், அதற்கெல்லாம் பிறகுதான் தொழிலாளியின் வேலையில் கை வைக்கலாம். அன்று யாரையும் அனுப்பவில்லை. லைனில் தேவைப்படாதவர்களைப் பயிற்சிக்கும் மேம்பாட்டு வேலைகளுக்கும் போட்டார்கள். இதைத் தர்மமாகப் பார்ப்பதைவிடக் கணக்காகப் பார்ப்பதே சரி. "இந்த வேலையை மூன்று பேர் செய்கிறோம், இரண்டு பேர் போதும்" என்று ஒரு தொழிலாளி வாய் திறந்து சொல்ல வேண்டுமானால், அந்த மூன்றாவது ஆளாகத் தன்னை வெளியே அனுப்ப மாட்டார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இங்கே கொஞ்சம் நின்று, அதிகாரம் என்பதை எப்படிப் பார்ப்பது என்று சொல்லிவிடுகிறேன். 1959இல் ஜான் ஃபிரெஞ்ச், பெர்ட்ரம் ரேவன் என்ற இரண்டு சமூக உளவியலாளர்கள் அதிகாரத்தின் ஊற்றுகளை ஐந்தாகப் பிரித்தார்கள். தண்டிக்க முடிவது, பரிசு தர முடிவது, பதவி, தொழில் அறிவு, அந்த மனிதர் மேல் இருக்கும் மரியாதை. எல்லா நிர்வாகப் படிப்பிலும் இந்தப் பட்டியலைச் சொல்லித் தருகிறார்கள். பட்டியலில் தெரியாத ஒன்று இருக்கிறது. முதல் இரண்டும் கீழே இருப்பவரின் கையை அசைக்கும். அதோடு அவர் வாயையும் மூடும். அப்ரைசலும் இன்க்ரிமென்டும் ஒருவர் கையில் இருக்கும்போது, அவரிடம் கெட்ட செய்தியைக் கொண்டுபோகும் ஆள் அதைக் கொஞ்சம் கழுவித் துடைத்துத்தான் கொண்டுபோவார். அதற்கு மேலே இருப்பவரிடம் போகும்போது இன்னொரு கழுவல். ஐந்தாவது மாடிக்குப் போய்ச் சேரும்போது அது நல்ல செய்தியாகவே ஆகியிருக்கும்.

நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் ஒவ்வொரு திங்கட்கிழமையும் மீட்டிங். ஒரு திட்டம் மூன்று மாதம் தள்ளிப்போகும் என்பது மேஜையைச் சுற்றி இருந்த பதினோரு பேருக்கும் தெரியும். "முடிந்துவிடும்தானே?" என்று பெரியவர் கேட்பார். கேள்வியின் அமைப்பிலேயே பதில் இருந்தது. "முடிஞ்சிரும் சார்" என்போம். அவர் கெட்டவர் இல்லை, யாரையும் கத்தியதும் இல்லை. நடுவில் ஒருமுறை "கஷ்டம்தான்" என்று சொன்ன ஒருவருக்கு அடுத்த வாரம் வேறு பிரிவுக்கு மாற்றம் வந்தது. அது அதனால்தானா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நாங்கள் எல்லோரும் அதனால்தான் என்று எடுத்துக்கொண்டோம். அது போதுமானதாக இருந்தது.

இந்த மௌனத்தைத் தற்செயலாகக் கண்டுபிடித்தவர் ஏமி எட்மண்ட்சன். 1990களின் தொடக்கத்தில் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராயும் குழுவில் அவர் மாணவியாக இருந்தார். ஒற்றுமையாக, நல்ல தலைமையோடு இயங்கும் வார்டுகளில் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். தரவு தலைகீழாக வந்தது: நல்ல வார்டுகளில்தான் தவறுகள் அதிகம். யோசித்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. அங்கே தவறுகள் அதிகமாக நடக்கவில்லை, அதிகமாகப் பதிவாகின்றன. பயமுறுத்தும் தலைமை நர்ஸ் இருந்த வார்டில் தவறு நடந்தால் மூடி மறைத்தார்கள், ஏடு சுத்தமாக இருந்தது. ஒரு கம்பெனியின் மாத அறிக்கை எப்போதும் எல்லாம் சரி என்று பச்சை நிறத்திலேயே இருந்தால் எனக்கு இந்த வார்டுதான் ஞாபகம் வரும்.

ஏடு சுத்தமாக இருப்பது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியைப் பார்க்கலாம். சில்லறை வங்கித் தொழிலில் அதன் தாரக மந்திரம், ஒரு வாடிக்கையாளர் குடும்பத்துக்கு எட்டுக் கணக்குகளையாவது விற்பது. சேமிப்புக் கணக்கு, கிரெடிட் கார்டு, அடமானக் கடன், இப்படி எட்டு. ஏன் எட்டு? அந்த எண்ணுக்கான ஆங்கிலச் சொல் 'கிரேட்' என்ற சொல்லோடு இயைந்து ஒலிக்கிறது என்பதே தலைவர் ஜான் ஸ்டம்ப் பங்குதாரர்களுக்குச் சொன்ன காரணம். எதுகைக்காக டார்கெட் வைத்த வங்கி உலகத்தில் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

கிளைகளில் தினசரி விற்பனைக் கணக்கு கேட்டார்கள். ஜனவரியில் தனிப் பிரசாரம் வைத்து இன்னும் முறுக்கினார்கள். டார்கெட் எட்டாதவர்களுக்கு வேலை பயம். எட்டியே ஆக வேண்டும், ஆனால் ஊரில் அத்தனை பேருக்கு அத்தனை கணக்கு தேவையில்லை. சரி, என்ன செய்வார்கள்? வாடிக்கையாளருக்குத் தெரியாமலே அவர் பெயரில் கணக்கு திறந்தார்கள், கார்டு வாங்கினார்கள், பொய் மின்னஞ்சல் முகவரி போட்டார்கள். லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் நாளிதழ் 2013இல் இதை வெளியே கொண்டுவந்தது. 2016 செப்டம்பரில் ஒழுங்காற்று அமைப்புகள் 18.5 கோடி டாலர் அபராதம் விதித்தன. அப்போது சொல்லப்பட்ட எண்ணிக்கை 20 லட்சம் கணக்குகள். பின்னால் அது 35 லட்சம் வரை போனது. ஐந்து ஆண்டுகளில் இதற்காக வேலையை விட்டு அனுப்பப்பட்டவர்கள் சுமார் 5,300 பேர்.

அந்த 5,300 என்ற எண்ணை நிர்வாகம் முதலில் தன் நேர்மைக்குச் சாட்சியாகத்தான் நீட்டியது: பாருங்கள், தப்பு செய்தவர்களை விட்டுவைக்கவில்லை. ஆனால் ஒரே நிறுவனத்தில் ஐயாயிரம் பேர், வேறு வேறு ஊர்களில், ஒருவரை ஒருவர் தெரியாமல், ஒரே தப்பைக் கண்டுபிடித்துச் செய்கிறார்கள் என்றால் அது ஐயாயிரம் கெட்ட மனிதர்களின் கதையா? போலிக் கணக்கு திறக்கும்படி மேலிடம் உத்தரவு போட்டதாக ஒரு தாளும் தேவைப்படவில்லை. எண்ணை மட்டும் சொன்னால் போதும், எட்டாதவர்களுக்கு என்ன ஆகும் என்பதையும் காட்டினால் போதும். மீதியை ஊழியர்களே வகுத்துக்கொள்வார்கள். நெறிமுறைப் புகார் எண்ணுக்கு அழைத்துச் சொன்ன சிலர், அதற்குப் பிறகு தங்களையே வேலையை விட்டு அனுப்பினார்கள் என்று வெளியே வந்து சொன்னார்கள். வெல்ஸ் ஃபார்கோவிலும் ஒரு கயிறு தொங்கியது. இழுத்தவர் கதி எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இதில் நிதானமாகக் கவனிக்க வேண்டியது காலக்கணக்கு. இந்த முறை பல ஆண்டுகள் 'வேலை செய்தது'. 2015இல் பங்குச் சந்தை மதிப்பில் உலகத்தின் முதல் வங்கி இதுவே. பயத்தால் நடக்கும் நிர்வாகம் உடனே தோற்றுவிடும் என்று மேடையில் பேசுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை. அது ஜெயிக்கும், அதனால்தான் இத்தனை பேர் அதை விடாமல் பிடித்திருக்கிறார்கள். பில் பின்னால் வருகிறது, பெரும்பாலும் வேறு யாருக்கோ. இங்கே வந்த பில்: 2016 அக்டோபரில் ஸ்டம்ப் விலகினார். 2018இல் அமெரிக்க மத்திய வங்கி, வெல்ஸ் ஃபார்கோ தன் சொத்தளவை 1.95 லட்சம் கோடி டாலருக்கு மேல் வளர்க்கக் கூடாது என்று கட்டுப் போட்டது. 2020இல் அரசோடு 300 கோடி டாலர் சமரசம். வளர்ச்சித் தடை நீங்கியது 2025 ஜூனில்தான். மற்ற வங்கிகள் வளர்ந்துகொண்டிருந்த ஏழு வருடங்களுக்கு மேல் அது கைகட்டி நின்றது.

அதிகாரத்தைக் கையில் இறுக்கிப் பிடிப்பதில் பெரிய வங்கித் தலைவர்களுக்கு மட்டும் உரிமையில்லை. மும்பைக்குப் பக்கத்தில் தாராப்பூர், உம்பர்காவ் பகுதி நெசவு ஆலைகளில் நிக்கலஸ் புளூம் உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் 2008 தொடங்கி ஒரு பரிசோதனை செய்தார்கள். 17 நிறுவனங்களின் 28 ஆலைகள் ஆய்வில் இருந்தன. சிலவற்றுக்கு மட்டும் ஒரு சர்வதேச ஆலோசனை நிறுவனத்தை இலவசமாக அனுப்பி, சுமார் ஐந்து மாதம் சாதாரணமான காரியங்களைச் செய்ய வைத்தார்கள்: பழுதை எழுதி வைப்பது, நூல் இருப்பைக் கணக்கு பார்ப்பது, தினமும் கூடிப் பேசுவது. முதல் வருடத்திலேயே அந்த ஆலைகளின் உற்பத்தித்திறன் 17 சதவீதம் கூடியது.

எனக்கு அதில் சுவாரசியமாகப் பட்டது இன்னொரு விஷயம். ஒரு நிறுவனம் எத்தனை ஆலைகள் வரை வளரும் என்பதை எது தீர்மானிக்கிறது என்று பார்த்தார்கள். முதலாளிக்கு எத்தனை ஆண் உறவினர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் முன்னால் வந்து நின்றது. நல்ல மேனேஜர் கிடைத்தாலும் முடிவெடுக்கும் உரிமையை அவரிடம் கொடுக்க மனம் வருவதில்லை, திருடிவிடுவார் என்ற பயம். தம்பிகளும் மகன்களும் தீர்ந்தால் தொழில் வளர்வதும் நின்றுவிடும். கோவை, ஈரோடு பக்கம் மில் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு இதைப் படித்தால் தூக்கிவாரிப் போடாது. சுவையான திருப்பம் என்னவென்றால், பழுதும் இருப்பும் தாளில் எழுதப்படத் தொடங்கியதும், முதலாளிகள் மேனேஜர்களுக்குக் கூடுதல் உரிமை கொடுக்க ஆரம்பித்தார்கள். கண்ணுக்குத் தெரிகிற ஆலையை விட்டுக்கொடுப்பது சுலபம்.

நும்மிக்குத் திரும்புவோம். இவ்வளவு தெரிந்த பிறகு ஜிஎம் தன் மற்ற ஆலைகளை ஏன் இப்படி மாற்றிக்கொள்ளவில்லை? முயன்றது. அதே கலிஃபோர்னியாவில் வான் நைஸ் ஆலையில் குழு முறையைக் கொண்டுவந்தார்கள். ஆனால் அங்கே மேனேஜர்களின் பெருமையும் போனஸும் அதற்குப் பிறகும் எத்தனை கார் வெளியே போனது என்பதிலேயே கட்டப்பட்டிருந்தன. லைனை நிறுத்தும் உரிமையைத் தொழிலாளிக்குக் கொடுத்துவிட்டு, லைன் நின்றால் மேனேஜரின் பாக்கெட்டில் கை வைத்தால் அவர் என்ன செய்வார்? பல வருடம் உழைத்து மேலே வந்த சூப்பர்வைசருக்குக் கத்தும் உரிமைதான் அவர் சம்பாதித்த சொத்து. அதைக் கழற்றிக் கொடு என்றால் சும்மா கொடுக்க மாட்டார். வான் நைஸ் 1992இல் மூடப்பட்டது. ஜிஎம்மே 2009 ஜூன் 1 அன்று திவால் மனு போட்டது. நும்மியிலிருந்து அது விலகிய பிறகு, டொயோட்டா தனியாக அந்த ஆலையை நடத்த விரும்பவில்லை. 2010 ஏப்ரல் 1இல் அதையும் மூடினார்கள். தொழிலாளிகள் கயிற்றை இழுக்க முடிந்த ஆலையில், அந்த முடிவை நிறுத்த மட்டும் எந்தக் கயிறும் இல்லை. கட்டடத்தை 4.2 கோடி டாலருக்கு டெஸ்லா வாங்கியது.

கயிறு மட்டும் பல கார் கம்பெனிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. 2007இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் இரண்டு ஆலைகளை ஒப்பிட்டு எழுதியது. கென்டக்கியின் ஜார்ஜ்டவுனில் இருக்கும் டொயோட்டா ஆலையில் தொழிலாளிகள் வாரத்துக்குச் சுமார் 2,000 முறை கயிற்றை இழுத்தார்கள். மிச்சிகனின் டியர்பார்னில் ஃபோர்டின் புத்தம் புதிய டிரக் ஆலையிலும் அதே கயிறு தொங்கியது. அங்கே அது இழுக்கப்பட்டது வாரத்துக்கு இரண்டு முறை.